தோற்பதற்கென்று ஒரு நாணயம்



வென்றவர்களின் கதையைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இன்று தோற்றவர்களின் கதை ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். வெல்லவே முடியாது என்று நன்றாகத் தெரிந்திருந்தும், கையிலிருந்த கடைசி நாணயத்தையும் ஒரு பெட்டிக்குள் போட்ட தலைமுறையின் கதை இது. ‘வீடியோ விளையாட்டுக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?’ என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள்.

1972 ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சனிவேல் நகரத்து மதுச்சாலை ஒன்றில் அட்டாரி நிறுவனம் ‘பொங்’ என்ற இயந்திரத்தை வைத்தது. அதை உருவாக்கியவர் அல் அல்கோர்ன் என்னும் இளம் பொறியியலாளர். சில நாட்களில் இயந்திரம் நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. போய்த் திறந்து பார்த்தார். பழுது ஒன்றுமில்லை, நாணயங்கள் நிரம்பி வழிந்து வழியை அடைத்திருந்தன. கற்பது எளிதாக இருக்க வேண்டும், கைவரப் பெறுவது கடினமாக இருக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான நோலன் புஷ்னெல் வகுத்த விதி. இதில் கலை நோக்கம் மட்டும் இருந்தது என்று நாம் மயங்க வேண்டியதில்லை. 25 சத நாணயம் ஒன்றைப் போட்டவன் மணிக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தால் கடைக்காரன் வாழ்வதெப்படி? எத்தனை உயிர்கள் கொடுப்பது என்பதைக் கடைக்காரனே தீர்மானிக்கச் சிறு ஆளிகள் பல இயந்திரங்களின் உள்ளே இருந்தன. ஆகவே, கடினம் என்பது முதலில் ஒரு வியாபாரக் கணக்கு.

ஆனால் வியாபாரக் கணக்கிலிருந்தும் சில வேளைகளில் கலை பிறந்துவிடுகிறது. 1978 இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ படைத்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில், 55 வேற்றுலகப் பகைவர்கள் அணிவகுத்து இறங்குவார்கள். அன்றைய கணனிச் சில்லுக்கு அத்தனை பேரையும் ஒரே நொடியில் நகர்த்தும் வலு இல்லை. ஒருவர் பின் ஒருவராகவே நகர்த்தியது. பகைவர் வீழ வீழ அதன் சுமை குறைந்தது; எஞ்சியவர்கள் விரைந்தார்கள். கடைசி ஒருவன் மின்னலாய்ப் பாய்ந்தான். இயந்திரத்தின் இயலாமையால் விளைந்த இந்த வேகத்தை நிஷிகாடோ திருத்தவில்லை, அப்படியே விட்டுவிட்டார். வெற்றியை நெருங்க நெருங்க அபாயம் பெருகும் என்ற நாடக உத்தி இவ்வாறுதான் அந்த விளையாட்டுக்கு வாய்த்தது.

இந்தக் கடினத்துக்கு இன்னொரு முன்கதையும் உண்டு. நியூயோர்க் நகரில் 1942 இல் ‘பின்போல்’ இயந்திரங்கள் சூதாட்டம் என்று தடைசெய்யப்பட்டன. பல சம்மட்டியால் உடைக்கப்பட்டன. 1976 இல் ரொஜர் ஷார்ப் என்னும் இளைஞர் நகரசபையினர் முன்னிலையில் ஆடிக் காட்டினார். பந்து எந்த வழியால் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அவ்வழியே இறக்கினார். தடை நீங்கியது. அதிர்ஷ்டம் அல்ல, பயின்ற கையே ஆடுகிறது என்பதற்கு அந்த ஒரு பந்து சாட்சியாயிற்று.

இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் பாதித்தது 1980 இல் அட்டாரி வெளியிட்ட ‘மிஸைல் கொமாண்ட்’. வானத்திலிருந்து ஏவுகணைகள் பொழிகின்றன. ஆறு நகரங்களை நீங்கள் காக்க வேண்டும். திருப்பித் தாக்க உங்களிடம் எதுவுமில்லை. தடுக்க மட்டுமே முடியும். எவ்வளவு திறமையாக ஆடினாலும் கணைகள் பெருகும், நகரங்கள் அழியும். ‘ஆட்டம் முடிந்தது’ என்ற வழமையான வாசகத்துக்குப் பதிலாகத் திரையில் ‘முடிவு’ என்ற சொல் எழும். அணுவாயுத அச்சம் உலகைக் கவ்வியிருந்த காலம் அது. இதை ஆக்கிய டேவ் தியூரர், அணுகுண்டுப் போர் பற்றிய கொடுங்கனவுகளால் அலைக்கழிந்ததாகப் பின்னர் கூறியிருக்கிறார். தோல்வி நிச்சயம், ஆயினும் எவ்வளவு நேரம் எதிர்த்து நின்றாய் என்பதே கேள்வி. துன்பியல் நாடகத்தின் இலக்கணம் இதுவல்லவா? ஆங்கில நாவலாசிரியர் மார்ட்டின் அமிஸ் 1982 இல் இந்த விளையாட்டுகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

அந்தக் கூடங்களில் அடுத்த முறைக்குக் காத்திருப்பவன் தன் நாணயத்தைத் திரையின் விளிம்பில் வைத்துவிட்டு நிற்பான். காசில்லாதவனும் பின்னால் நின்று பார்த்துக் கற்பான். வென்றவனுக்குக் கிடைத்த புகழ் மூன்றே எழுத்துகள். பல இயந்திரங்களில், இரவு மின்சாரத்தை நிறுத்தியதும் அவையும் அழிந்துவிடும்.

1985 இல் அட்டாரியின் ‘கோன்ட்லெட்’ வந்தது. அதில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மேலும் நாணயம் போட்டு உயிர்ப்பலத்தைக் கூட்டிக்கொள்ளலாம். விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்குக் காசு கேட்கும் வழக்கம் பிற விளையாட்டுகளிலும் பரவிற்று. சிறிய மாற்றம்தான், ஆனால் ஓர் அறம் அங்கே இடம் மாறியது என்பது என் எண்ணம். முன்பு நாணயம் ஒரு வாய்ப்பை மட்டுமே வாங்கியது. பணக்காரன் மகனும் ஏழை மகனும் முதற்படியிலிருந்தே தொடங்கினார்கள். பின்பு நாணயம் தூரத்தையும் வாங்கத் தொடங்கிற்று. இன்றைய கைத்தொலைபேசி விளையாட்டுகளில் பணம் கொடுத்து முன்னேறுவது இயல்பாகிவிட்டது.

பழைய இயந்திரங்களைக் கணனியில் மீட்டெடுக்கும் ‘மேம்’ என்னும் மென்பொருளை இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 இல் வெளியிட்டார். அதன் வழியே நானும் ‘மிஸைல் கொமாண்ட்’ ஆடிப் பார்த்தேன். அதே கணைகள், அதே நகரங்கள், அதே ‘முடிவு’. ஆனால் ஐந்தாம் இலக்க விசையை அழுத்தினால் நாணயம் விழுந்துவிடுகிறது! எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம். கடினம் கடுகளவும் குறையவில்லை. இருந்தும் எதுவோ குறைந்திருந்தது.

பழைய விளையாட்டுகளின் கடினத்துக்காக ஏங்குபவர்கள் உண்மையில் எதற்காக ஏங்குகிறார்கள் என்பது அப்போது எனக்கு விளங்கிற்று. கடினத்தை இன்றும் செய்யலாம். 2011 இல் ஜப்பானில் வந்த ‘டார்க் சோல்ஸ்’ கடினத்துக்காகவே போற்றப்பட்டது. ஆனால் சட்டைப் பையிலிருந்த ஒரே நாணயம், பின்னால் நின்று பார்த்த கண்கள், விலை கொடுத்தும் நழுவக்கூடிய வாய்ப்பு ஆகியவற்றை எந்த மென்பொருளாலும் மீட்டுத்தர முடியாது. அந்தப் பெட்டி காசைப் பறித்தது உண்மைதான், நேயர்களே. ஆனால் காசுக்குப் பதிலாக அது ஒருபோதும் பொய்யான வெற்றியை விற்கவில்லை.