மலைக்கு மதிப்பீடு எழுதுவோர்

ஒரு சுரங்கத்துக்காகவோ அலுமினா ஆலைக்காகவோ நிலத்தில் முதல் கடப்பாரை இறங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அதன் தலைவிதி ஓர் அறிக்கையில் எழுதப்பட்டுவிடுகிறது. தொழில்நுட்ப - பொருளாதாரச் சாத்தியக்கூறு அறிக்கை என்பது அதன் பெயர். வங்கிகள் கடன் தருவதும், அரசு நிலம் ஒதுக்குவதும், முதலீட்டாளர்கள் பணம் போடுவதும் அதை நம்பித்தான். இத்தகைய அறிக்கைகளைத் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆலோசனை நிறுவனங்கள் உலகெங்கும் உள்ளன. சுரங்க நிறுவனங்களைப் பற்றி நாளேடுகளில் ஓயாமல் எழுதுகிறோம். அவற்றுக்குக் கணக்குப் போட்டுத் தருவோரைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பாக்சைட் என்னும் செம்மண் நிறத் தாதுவிலிருந்து அலுமினா என்னும் வெண்பொடியைப் பிரித்தெடுத்து, அதை மின்சாரத்தால் உருக்கிப் பகுத்தால் அலுமினியம் கிடைக்கிறது. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 2 டன் அலுமினா வேண்டும். அதற்கு 4 முதல் 5 டன் வரை பாக்சைட் வேண்டும். அலுமினாவைப் பிரிக்கும் முறையை 1880-களின் இறுதியில் கண்டறிந்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் யோசப் பேயர். துணிக்குச் சாயம் பிடிக்கவைக்கும் பொருளாகப் பயன்படும் அலுமினாவைத் தயாரிப்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. உலோகத் தொழில் அதை எடுத்துக்கொண்டது. இன்றளவும் அதே முறைதான். தாதுவைப் பொடியாக்கி, சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் கரைத்து, கரையாத சிவப்புச் சேற்றை வடித்துவிட்டு, கரைசலிலிருந்து அலுமினாவைப் படியவைக்கிறார்கள்.

ஆலோசகரின் வேலை இங்கே தொடங்குகிறது. எல்லா பாக்சைட்டும் ஒன்றல்ல. கிப்சைட் வகைத் தாது 150 டிகிரி செல்சியசுக்குள்ளாகவே கரைந்துவிடும். போமைட் வகைக்கு 240 டிகிரியும் அதற்கு மேலும் வேண்டும். கொதிகலன், எரிபொருள், குழாய் என ஆலையின் செலவு முழுவதும் இந்த வேறுபாட்டால் மாறிவிடுகிறது. இன்னொன்று, தாதுவில் கலந்திருக்கும் வினைபுரியும் சிலிக்கா. ஒவ்வொரு கிலோ சிலிக்காவும் ஏறத்தாழ ஒரு கிலோ காஸ்டிக் சோடாவை விழுங்கிவிட்டுச் சேற்றோடு போய்விடும். ஒரு டன் அலுமினாவுக்கு 3 டன் தாது என்று கொண்டால், சிலிக்கா 1 சதவீதம் கூடினாலே டன்னுக்கு 30 கிலோ சோடா கூடுதலாகச் செலவாகும். ஆண்டுக்கு 10 லட்சம் டன் அலுமினா எடுக்கும் ஆலையில் அது 30 ஆயிரம் டன். துளைக்கருவி எடுத்த மண்மாதிரிகளின் சராசரியில் நேரும் சிறு பிழை, முப்பது ஆண்டுகளுக்கு ஆலையின் லாபத்தை அரித்துக்கொண்டிருக்கும் என்பதுதான் இதன் பொருள். எனவே இத்துறையில் நேர்மையான, திறமையான ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண்செலவு அல்ல.

தாது கையருகே இருப்பது மட்டும் போதாது என்பதற்கு நம் மேட்டூரே சான்று. சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட்டைக் கொண்டுவந்து 1965 முதல் அங்கே அலுமினியம் வார்த்தார்கள். ஒரு டன் அலுமினியத்தை உருக்கிப் பகுக்க 13 ஆயிரம் முதல் 15 ஆயிரம் யூனிட் வரை மின்சாரம் தேவை. பெரும் ஆலைகளோடு ஒப்பிட்டால் மேட்டூர் மிகச் சிறியது. 2008-ஆம் ஆண்டின் நடுவில் 3,000 டாலரைத் தாண்டியிருந்த உலகச் சந்தை விலை, ஆண்டு முடிவதற்குள் 1,500 டாலருக்கு இறங்கியபோது அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் ஆலை நின்றது.

விலையைக் கணிப்பதும் ஆலோசகர்களின் வேலைதான். நெடுங்காலம் அலுமினாவுக்கென்று தனிச் சந்தை விலை இருந்ததில்லை. லண்டன் உலோகச் சந்தையின் அலுமினிய விலையில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2010 முதல் தனி விலைக் குறியீடுகள் வந்தன. அவற்றைத் திரட்டி வெளியிடுபவையும் இதே ஆய்வு, தகவல் நிறுவனங்களே. முன்கணிப்பு எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு அண்மைக்கால நிகழ்வுகள் போதும். 2018 பிப்ரவரியில் பெய்த பெருமழைக்குப் பிறகு பிரேசிலின் அலுநோர்டே ஆலை உற்பத்தியைப் பாதியாகக் குறைக்க நேர்ந்தது. ஏப்ரலில் ரஷ்ய அலுமினிய நிறுவனத்தின் மீது அமெரிக்கா தடை விதித்தது. 400 டாலரை ஒட்டியிருந்த டன் விலை 700 டாலரைத் தொட்டது. 2024 இறுதியில் 800 டாலரை எட்டிய விலை, அடுத்த சில மாதங்களிலேயே அதில் பாதிக்கும் கீழே விழுந்தது. முப்பது ஆண்டுக்கால விலையை ஒற்றைக் கோடாக வரைந்து காட்டும் அறிக்கையைப் பார்க்கும்போதெல்லாம், பஞ்சாங்கம் கணிப்பவர்கள் இவர்களைவிட அடக்கமானவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

இந்தியாவில் இவ்வறிவு தொடக்கத்தில் வெளியிலிருந்தே வந்தது. பொதுத்துறை பால்கோ நிறுவனத்தின் கோர்பா அலுமினா ஆலைக்கு ஹங்கேரியும் உருக்காலைக்கு சோவியத் ஒன்றியமும் உதவின. 1981-இல் தொடங்கப்பட்ட நால்கோவுக்கு பிரான்சின் பெஷினே நிறுவனம் தொழில்நுட்பம் தந்தது. நமக்கென்று ஓர் ஆய்வுத்தளம் வேண்டும் என்பதற்காக 1989-இல் நாகபுரியில் ஜவாஹர்லால் நேரு அலுமினிய ஆராய்ச்சி மேம்பாட்டு வடிவமைப்பு மையம் அமைக்கப்பட்டது. தாதுவைச் சோதித்துச் சொல்லும் திறன் நம்மிடம் இல்லாமலில்லை. சோதனைக்கூடத்துக்கு வெளியே இருப்பவற்றை யார் சோதிப்பது என்பதுதான் சிக்கல்.

ஒடிஸாவின் லாஞ்சிகரை எடுத்துக்கொள்வோம். களாஹாண்டி மாவட்டத்தில் நியமகிரி மலையடிவாரத்தில் வேதாந்தா குழுமம் அமைத்த ஆலைக்கு 2004-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2007-இல் உற்பத்தி தொடங்கியது. ஆலைக்கு வேண்டிய தாது மலை உச்சியில் இருந்தது. அதை வெட்டியெடுக்கும் அனுமதியோ அப்போது கைவசம் இல்லை. ஆலை தனி, சுரங்கம் தனி என்று இரண்டாகப் பிரித்து விண்ணப்பித்ததை உச்சநீதிமன்றம் நியமித்த மத்திய அதிகாரக் குழு 2005-இலேயே கண்டித்தது. ஆலையைக் கட்டிவிட்டால் சுரங்க அனுமதி பின்னாலேயே வந்துவிடும் என்ற எண்ணத்தை எவரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். முதலீடு நடந்த வரிசை அதைத்தான் சொல்கிறது.

அங்கே இன்னொரு கணக்கும் இருந்தது. நியமகிரியில் வெட்டத் திட்டமிட்ட தாது ஏறத்தாழ 7.2 கோடி டன். ஆண்டுக்கு 10 லட்சம் டன் அலுமினா என்றால், 30 லட்சம் டன் தாது வீதம் அது 24 ஆண்டுகளுக்கு வரும். ஆலையின் திறனை 60 லட்சம் டன்னாக உயர்த்தவும் திட்டமிட்டார்கள். அப்போது ஆண்டுக்கு 1.8 கோடி டன் தாது தேவை. மலை 4 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். பள்ளிச் சிறுவனும் போட்டுவிடக்கூடிய இந்த வகுத்தல் கணக்கை, 2010-இல் என்.சி. சக்சேனா குழு சுட்டிக்காட்டியது. அந்த ஆண்டே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்துக்கு வன அனுமதி மறுத்தது. 2012 டிசம்பரில் தாது இல்லாமல் ஆலை மூடப்பட்டு, அடுத்த ஆண்டு ஜூலையில்தான் திறந்தது. உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று, மலையின் மீது டோங்ரியா கோந்த் மக்களுக்குள்ள வழிபாட்டு உரிமை குறித்து கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்றது. கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன.

அந்த மக்களின் மறுப்பு ஆலைக்கு நேர்ந்த எதிர்பாராத இடர் என்று தொழில்துறையினர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எதிர்பாராதது எப்படி ஆகும்? மலையை நியமராஜா என்று வணங்குபவர்கள் அடிவாரத்தில் ஆலை வந்த பிறகு முளைத்தவர்கள் அல்லர். சிலிக்காவைத் தசமப் புள்ளிக்குப் பிறகும் அளக்கத் தெரிந்த துறை, அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. விளைவு, தாதுவின் மீதே அமர்வதற்காகக் கட்டப்பட்ட ஆலை, பிற மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் தாதுவைச் சுமந்துவர வேண்டியதாயிற்று.

விடுபடும் மற்றொரு செலவு, சிவப்புச் சேறு. ஒரு டன் அலுமினாவுக்கு 1 முதல் 1.5 டன் வரை இச்சேறு மிஞ்சுகிறது. காரத்தன்மை மிகுந்த இதை ஆலை மூடிய பிறகும் அணைகட்டிக் காக்க வேண்டும். 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் அய்க்கா நகரில் அத்தகைய அணை உடைந்து 10 பேர் இறந்தனர். இந்தச் செலவு அறிக்கைகளில் எப்படி மறைகிறது என்பதை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். எதிர்காலச் செலவை இன்றைய மதிப்புக்கு மாற்ற ஒரு தள்ளுபடி வீதத்தைக் கொள்வது வழக்கம். 12 சதவீதம் என்று கொண்டால், 30 ஆண்டுகளுக்குப் பின் செய்ய வேண்டிய 100 ரூபாய்ச் செலவு இன்றைய கணக்கில் 3 ரூபாய் 34 காசு. 4 சதவீதம் என்று கொண்டால் ஏறத்தாழ 31 ரூபாய். சேறு அதே சேறுதான். எந்த வீதத்தைக் கொள்வது என்பது ஓர் அறத்தேர்வு. அட்டவணையின் அடிக்குறிப்பில் அது தொழில்நுட்ப விவரம்போல் உட்கார்ந்திருக்கிறது. பார்த்தா தாஸ்குப்தா, அமர்த்திய சென், ஸ்டீபன் மார்க்ளின் ஆகியோர் ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்புக்காக 1972-இல் எழுதிய திட்ட மதிப்பீட்டு நெறிமுறைகள், சமூகத்தின் பார்வையில் செலவையும் பயனையும் கணக்கிட வழிசொன்னவை. பாடத்திட்டத்தில் அவை இன்னும் உள்ளன. தனியார் அறிக்கைகளுக்குள் அவை அதிகம் நுழையவில்லை.

காரணம் எளிது. கட்டணம் தருபவர் திட்டத்தை நடத்த விரும்புபவர். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படியும் ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பதும் பணம் கொடுப்பதும் திட்ட உரிமையாளரே. மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்காகத் தயாரிக்கப்பட்ட மதிப்பீட்டில், ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பகுதிகள் அப்படியே எடுத்தாளப்பட்டிருந்தது சூழலியல் வழக்குரைஞர்களால் அம்பலமாயிற்று. கொங்கணக் கரையில் ஊசியிலைக் காடு! அதன்பின் ஆலோசகர்களுக்கு இந்தியத் தர மன்றத்தின் அங்கீகாரம் கட்டாயமானது. அது தகுதியை உறுதிசெய்யும். பணம் வரும் திசையை மாற்றாது.

முதலீட்டாளரைக் காக்க உலகம் கடுமையான விதிகளைச் செய்துகொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் 1989-ஆம் ஆண்டு ஜோர்க் நெறிமுறைப்படி, தாது இருப்பு பற்றிய அறிக்கைக்குத் தகுதிவாய்ந்த ஒருவர் தம் பெயரிட்டுப் பொறுப்பேற்க வேண்டும். நீர், நிலம், மக்கள் பற்றிய அனுமானங்களுக்கும் அவ்வாறே பெயரிட்டுப் பொறுப்பேற்கச் சொல்வதில் என்ன தடை? கட்டணத்தைத் திட்ட உரிமையாளரிடம் வசூலித்துப் பொது நிதியொன்றில் சேர்த்து, ஆலோசகரை ஒழுங்காற்று அமைப்பே நியமிக்கலாம். விலை, தள்ளுபடி வீதம், தாதுவின் மூலம், சேற்றுக் குளத்தைப் பராமரிக்கும் காலம் ஆகிய அனுமானங்களையேனும் வெளியிடலாம். வணிக ரகசியம் என்பார்கள். உருக்கும் நுட்பம் ரகசியமாக இருக்கட்டும். பொதுத்துறை வங்கியின் கடனைத் தாங்கிநிற்கும் அனுமானம் அப்படி இருக்க நியாயமில்லை. காலதாமதமாகும் என்பது இன்னொரு வாதம். லாஞ்சிகரில் ஆன தாமதத்தைவிடவா?

இப்போது அதே வட்டாரத்தில் சிஜிமாலி மலை பேசப்படுகிறது. 2023-இல் நடந்த ஏலத்தில் அங்குள்ள பாக்சைட்டுக்கும் வேதாந்தாவே தேர்வானது. அந்த ஆண்டு அக்டோபரில் பொதுக்கருத்துக் கேட்புக் கூட்டங்களும் நடந்தன. எதிர்ப்பும் தொடர்கிறது. சட்டப்படி மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை மட்டும் மாநில மொழியில் தந்தால் போதும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். அந்த மலையைச் சுற்றியுள்ள கோந்த் மக்கள் பேசுவது குயி, குவி மொழிகளை.