நொதியக் கத்தரியும் உவர் வயலும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபாகத்திலே, கடலுக்கும் களப்புக்கும் அயலில் அமைந்த ஊர் மாங்கேணி. இத்தகைய கரையோரங்களில் நெல் செய்வோர்க்கு உவர் பழம்பகை. மழை குன்றி உப்பு மேலெழுந்தால் இலைநுனி கருகும், கதிர் பதராகும். இப்பகையை எதிர்க்க மனிதன் கண்ட வழிகளுள் மிக அண்மையானது, நெல்லின் பரம்பரை அலகையே திருத்துவது.

தம்மைத் தாக்கும் வைரசுகளின் டி.என்.ஏ. இழையை நறுக்கப் பற்றீரியாக்கள் சில நொதியங்களை வைத்துள்ளன. அத்தகைய நொதியம் ஒன்று, குறித்த எழுத்துத் தொடரைக் கண்டால் மட்டுமே வெட்டும் என்பதை 1970 இல் ஹமில்டன் சிமித் காட்டினார். அவரும் வெர்னர் ஆர்பர், டானியல் நேத்தன்சு ஆகியோரும் 1978 இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் அந்நொதியம் அறியும் தொடர் மிகக் குறுகியது. நெல்லின் இழையில் அது பல்லாயிரம் இடங்களில் வரும். வேண்டிய ஓரிடத்தை மட்டும் வெட்டுதல் இயலவில்லை.

அக்குறையைக் காஸ்9 தீர்த்தது. ஆர்.என்.ஏ. துணுக்கொன்று அதற்கு வழிகாட்டும்; துணுக்கை மாற்றினால் வெட்டும் இடமும் மாறும். 2012 இல் இதனை விளக்கிய எம்மானுவேல் சாப்பெந்தியேயும் ஜெனிபர் டவுட்னாவும் 2020 இல் நோபல் பரிசு பெற்றனர்.

வறட்சியையும் உவரையும் தாங்கும் ஆற்றலை அடக்கிவைக்கும் அலகொன்று நெல்லில் உண்டு. புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தார் காஸ்9 கொண்டு அதனைச் செயலிழக்கச் செய்தனர். அவ்வாறு பிறந்த பூசா டி.எஸ்.டி. நெல் 1, 2025 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அதன் விளைச்சல் பற்றிய கூற்றுகளை ஐயுற்றோரும் உளர்.

இனி, கத்தரி யாருடையது என்பதும் ஒரு வினா. காஸ்9 இன் முதன்மைக் காப்புரிமைகள் வெளிநாட்டார் வசம் உள்ளன. பிறர் அதனால் விதை செய்து விற்பதாயின், உரிமத்தின் செலவு விதையின் விலையில் ஏறக்கூடும். ஆதலால் கட்டாக்கிலுள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் குதுபுதீன் மொல்லா குழுவினர் டி.என்.பி.பி. என்னும் வேறொரு நொதியத்தை நாடினர். அதன் வெட்டும் இயல்பு 2021 இலேயே வெளிப்பட்டது. காஸ்9 1,368 அமினோ அமிலங்களால் ஆனது. இதுவோ ஏறக்குறைய 400 அமினோ அமிலங்களே கொண்டது. சிறியதாகையால் கலத்துள் செலுத்துதல் எளிது. அது நெற்பயிரில் வேலை செய்வதை 2024 இல் அவர்கள் வெளியிட்டனர். 2025 இல் இந்தியக் காப்புரிமையும் கிடைத்தது.

இலங்கையிலே அம்பலாந்தோட்டை ஆய்வு நிலையம் தந்த அட் 354 நெல், இக்கத்தரி எதுவுமின்றி, இனக்கலப்பாலேயே உவர் தாங்குவது. புதிய கத்தரி அவ்வழிக்குப் பகையன்று. காலத்தைக் குறைக்கும் துணை. எவ்வழியில் வந்த விதையானாலும், கரையோர உழவன் வாங்கத்தக்க விலையில் வந்து, உவர் மண்ணில் மணி பிடித்தாலன்றி அதனாற் பயனில்லை.