அஸ்ஸூஃபியின் வானச் சித்திரங்கள்

வானநூல் என்றால் கணக்கும் அட்டவணையுமே என்று எண்ணுவோர் பலர். வானநூலாரின் கண்ணும் ஓவியரின் தூரிகையும் கூடி ஒரு நூலை ஆயிரம் ஆண்டுகள் வாழவைத்த வரலாறு ஒன்று உண்டு.

ரய் நகரில் கி.பி. 903இல் பிறந்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. புவைஹி மன்னர் அளுதுத்தவ்லாவின் ஆதரவில் வாழ்ந்த இவ்வறிஞர், 964ஆம் ஆண்டளவில் 'ஸுவருல் கவாகிப்' என்னும் அரபு நூலை இயற்றினார். 'விண்மீன்களின் உருவங்கள்' என்பது அதன் பொருள். வானத்தை நோக்காமலே முன்னோர் நூல்களைப் பார்த்து எழுதியும், கோளங்களில் விண்மீன்களைப் பொறித்தும் வந்தோரை அவர் முகவுரையிலேயே கடிந்துரைக்கிறார். கிரேக்க அறிஞர் தாலமி குறித்த நிலைகளோடு 12 பாகை 42 கலையைக் கூட்டித் தம் காலத்துக்கு ஏற்பத் திருத்தினார். ஒளியின் அளவையோ தம் கண்ணாலேயே கண்டு மதிப்பிட்டார்.

நூலின் பெருஞ்சிறப்பு அதன் சித்திரங்களே. 48 விண்மீன் குழுக்களுக்கும் இவ்விரண்டு உருவங்கள்: ஒன்று, மண்ணில் நிற்போர் காணும் வண்ணம்; மற்றொன்று, வான்கோளத்தின் மேல் தோன்றும் வண்ணம். கோளத்தை நாம் வெளியிலிருந்து பார்ப்பதால் இடம் வலமாகிவிடும். இக்குழப்பம் கற்போரை வழிதவறச் செய்யாதிருக்கவே இந்த ஏற்பாடு. மெல்லிய தாளைக் கோளத்தின்மீது பரப்பி அவர் உருவங்களைப் படியெடுத்த செய்தியை அல்பீரூனி பதிந்துள்ளார்.

கிரேக்கக் கதையின் மெதூசா தலை இங்கே 'ரஃஸுல் கூல்', அதாவது பூதத்தின் தலை ஆயிற்று. மேலைநாட்டார் இன்றும் வழங்கும் 'அல்கோல்' என்னும் விண்மீன் பெயர் அதன் திரிபே. அரபு மரபின் பெரிய மீனுருவத்தின் வாயருகே 'சிறு மேகம்' ஒன்றையும் அஸ்ஸூஃபி குறித்தார். அது நம் பால்வெளிக்கு அப்பாற்பட்ட ஆந்திரமேதா மண்டலம் என்பதை 1920களில்தான் எட்வின் ஹபிள் நிறுவினார்.

பின்வந்த ஓவியர்கள் தத்தம் காலத்து ஆடைகளையும் முகங்களையும் இவ்வுருவங்களுக்கு அளித்தனர். சமர்கந்தின் அரசரும் வானநூலாருமான உலூக் பேக்குக்காக 15ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட எழில்மிகு படி, இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. அம்மன்னரும் விண்மீன்களைப் புதிதாக அளந்தார்; தம் நகரிலிருந்து காணவியலாத 27 தென்திசை விண்மீன்களுக்கு மட்டும் அஸ்ஸூஃபியின் அளவைகளையே ஏற்றார்.

உடையின் மடிப்பில் ஓவியருக்கு உரிமையுண்டு. விண்மீனைக் குறிக்கும் புள்ளியில் இல்லை. அழகு உண்மைக்குப் பணிசெய்த அந்த ஒழுங்கே இந்நூலின் நீண்ட ஆயுளுக்குக் காரணம்.