ஏரி என்று கூப்பிடும் அணை

ஜொகூர் பாருவில் எங்கள் தாமானுக்குப் பின்னால் ஒரு சின்ன ஏரி இருக்கிறது. நடைபாதை, ஊஞ்சல், ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடும் கூட்டம். போன டிசம்பர் அடைமழையில் பெரியப்பாவோடு அங்கே போனேன். மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் வாயில் கம்பி வலை. வலை நிறைய இலையும் பிளாஸ்டிக்கும். பெரியப்பா குச்சியால் குப்பையை இழுத்துப் போட்டபடி சொன்னார்: “எல்லாரும் ஏரின்னு சொல்றாங்க. இது டேம்பா. கலிங்கு அடைச்சிக்கிட்டா கரை நிக்காது.” கரைக்குக் கீழேதான் எங்கள் வீடுகள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. தேடிப் படித்தபோது கிடைத்தது சவுத் ஃபோர்க் அணையின் கதை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கால்வாய்க்குத் தண்ணீர் தேக்கக் கட்டிய மண் அணை அது. உயரம் 72 அடி. கால்வாயின் காலம் முடிந்ததும் அணை கைமாறியது. ஒரு உரிமையாளர் அடியில் இருந்த வெளியேற்றுக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்பாக விற்றார். பிறகு பணக்காரர்களின் கிளப் ஒன்று அதை வாங்கியது. கார்னகி, ஃப்ரிக் எல்லாம் உறுப்பினர்கள். குதிரை வண்டி போவதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். வளர்த்த மீன் தப்பக்கூடாது என்று கலிங்கில் வலை அடித்தார்கள். 1889 மே 31, பெருமழை. வலையைக் குப்பை அடைத்தது, தண்ணீர் கரைமேல் ஏறியது, கரை கரைந்தது. 14 மைல் கீழே இருந்த ஜான்ஸ்டவுன் அழிந்தது. செத்தவர்கள் 2,209 பேர். நீதிமன்றத்தில் கிளப்பிடமிருந்து ஒரு காசும் பெயரவில்லை. ‘கடவுள் செயல்’ என்று முடிந்தது.

அவ்வளவு மழை இங்கே எங்கே என்று கேட்கலாம். நிலநடுக்கோட்டை ஒட்டிப் புயல் உருவாகாது என்றுதான் நம்பியிருந்தோம். 2001 டிசம்பர் 27 அன்று வாமேய் புயல், ஏறக்குறைய 1.5 பாகையில் உருவாகி, ஜொகூரிலேயே கரையேறியது. அந்த மழையில் குனோங் பூலாய் மலைச்சரிவு இடிந்து, மண்ணும் மரமும் ஓடையோடு இறங்கி ஐந்து உயிர்களைக் கொண்டுபோயின. அது அணை உடைப்பு அல்ல. ஆனால் பழைய கணக்கை மழை மதிப்பதில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் ‘ஏரி வாரியம்’ வருகிறது. ஏரி என்றால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தெரிந்தவர்கள் நாம். பொழுதுபோக்கு இடமாக மாறியதும் படகும் பூச்செடியும் கண்ணில் படுகின்றன, கரை மறந்துவிடுகிறது.

இப்போது மழை விட்டதும் கரைக்கு வெளிப்பக்கம் நடந்து பார்க்கிறேன். மண் கரையில் கொஞ்சம் கசிவு இருக்கும். தெளிவாக வந்தால் பரவாயில்லை, கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். பெரியப்பா இன்னும் அந்தக் குச்சியை வாசலில் சாய்த்து வைத்திருக்கிறார். ஒரு அணையின் பாதுகாப்பு ஒரு கிழவரின் குச்சியில் இருக்கக்கூடாது.