தொட்டுக்க என்ன?

இலை போட்டதும் கூடத்திலிருந்து சமையலறைக்குள் வருகிற முதல் கேள்வி "தொட்டுக்க என்ன?" என்பதுதான். சோறு வடித்தாயிற்றா, குழம்பு கொதித்ததா என்று யாரும் கேட்பதில்லை. அவை இருக்கும் என்பது வீட்டு ஆண்களுக்குத் தெரியும். தொட்டுக்கொள்வது மட்டும் கேள்விக்குரியது. உடனே உள்ளேயிருப்பவள் நான்கு மிளகாயையும் உப்பையும் புளியையும் அம்மியில் வைத்து நசுக்கி எடுத்துவருவாள். அதைச் சமைத்ததாக அவளே கணக்கில் சேர்ப்பதில்லை. துவையல், பச்சடி, பொடி, மோர் மிளகாய் எல்லாம் இலையின் ஓரத்துக்கு உரியவை.

இந்த ஓரத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது 2025 ஏப்ரல் கடைசியில். என் முதுகலை மாணவியர் மூவர் தில்லைநகர்க் கடையொன்றில் வாங்கிய சிவப்பு டப்பாவோடு ஸ்ரீரங்கத்தில் நான் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு வந்தார்கள். டப்பாவில் இருந்தது கொச்சுஜாங் என்னும் கொரிய மிளகாய் விழுது. அவர்கள் பார்க்கும் தொடர்களில் கதாநாயகி பொரித்த எதையோ செக்கச்செவேலென்ற, வெண்ணெய்போல் வழுவழுத்த குழம்பில் தோய்த்துத் தின்கிறாளாம். அதைச் செய்துபார்க்க வேண்டும். விடுதியில் அடுப்பு கூடாது. "உங்க வீட்டுல செய்யலாமா மேம்?" என்றாள் ஒருத்தி. நான் தமிழ் நடத்துகிறவள். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது குறுந்தொகை.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டை நாம் எல்லோரும் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்திருக்கிறோம். கூடலூர்கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் வைத்த பெண் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். கையை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கிற புகை மையிட்ட கண்ணில் ஏறுகிறது. அவள் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. மகளைப் பார்த்துவந்த செவிலி பெற்றவளிடம் சொல்லும் செய்தி இது. வகுப்பில் இதை இல்லறத்தின் இனிமை என்று நடத்துவது வழக்கம். நானும் பத்தாண்டு அப்படித்தான் நடத்தினேன். பிறகு ஒருநாள், அவள் அதைச் சாப்பிட்டாளா என்று ஒரு மாணவி கேட்டாள். பாட்டில் அதற்குப் பதில் இல்லை. சுவைத்தவன் அவன். அவளுக்குக் கிடைத்தது அவன் சுவைத்த செய்தி. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு தயிர்க் குழம்பின் கதையில் சமைத்தவளுடைய விரலும் சேலையும் கண்ணும் இருக்கின்றன. நாக்கு மட்டும் இல்லை.

அந்தக் குழம்பில் மிளகாயும் இல்லை. இருக்க வழியில்லை. சங்க நூல்களில் காரம் என்றால் மிளகு. அதற்கு அன்றைய பெயர் கறி. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்ச்சுகீசியரின் கப்பல்களில்தான் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. நம் முன்னோர் அதற்குப் புதிய பெயர் தேடிச் சிரமப்படவில்லை. மிளகோடு காயைச் சேர்த்தார்கள், மிளகாய் ஆயிற்று. வந்தேறியைச் சொந்தக்காரனாக்க ஒரு புணர்ச்சி விதி போதுமாக இருந்தது.

ஆனால் எல்லா அடுப்பும் அதை ஏற்கவில்லை. ஸ்ரீரங்கத்துப் பெரிய கோயில் மடைப்பள்ளியில் காரத்துக்கு இன்றும் மிளகுதான். மதிலுக்கு வெளியே, வீடுகளில் நடக்கும் திவசச் சமையலிலும் அதே விதி. தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் போன்ற 'இங்கிலீஷ் காய்கள்' வாசலில் நிற்பதுபோல் மிளகாயும் நிற்கும். அன்றைக்கு ஈரத்துணியோடு மடியாக நின்று மிளகு வறுத்துப் பொடித்து எல்லாவற்றையும் செய்கிறவள் வீட்டு மருமகள். கோயிலில் சமைப்பவர்களோ ஆண்கள். வைணவக் கோயில்கள் பலவற்றில் மடைப்பள்ளியில் நாச்சியார் உண்டு. தளிகைக்குக் காவலாகத் தாயாரே அங்கே இருக்கிறாள் என்பது நம்பிக்கை. உயிருள்ள பெண்ணுக்கு அந்த அடுப்பில் வேலை இல்லை. பேர் பெற்ற சமையலுக்கு நளபாகம், பீமபாகம் என்று ஆண் பெயர் வைத்ததும் இதே வழக்கத்தின் நீட்சியாக எனக்குப் படுகிறது.

இதே கோயிலில் துலுக்க நாச்சியாருக்கும் இடமுண்டு. படையெடுப்பில் டெல்லிக்குப் போன அரங்கனின் உற்சவத் திருமேனியோடு விளையாடி மனம் பறிகொடுத்த சுல்தான் மகள், அதைத் தேடி ஸ்ரீரங்கம் வந்து இங்கேயே உயிர் விட்டாள் என்று கதை. கோயிலொழுகும் இக்கதையைச் சொல்கிறது. அவளுக்குச் சிலை இல்லை, சுவரில் ஓவியம்தான். அவள் நினைவாக அரங்கனுக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறார்கள். கதை வரலாறா என்பது வேறு கேள்வி. சோழ நாட்டுச் சோற்று மடைப்பள்ளிக்குள் வடநாட்டு ரொட்டி நுழைந்ததும், தொட்டுக்கொள்ள வெண்ணெய் வந்ததும், ஒரு அந்நியப் பெண்ணின் பசியை நினைத்து என்று இந்த ஊர் சொல்லிக்கொள்கிறதே, அது எனக்குப் பிடிக்கும். கடவுளை ரொட்டி தின்ன வைத்தவள் அவள்.

கொரியர்களிடமும் இப்படிக் கடல் கடந்து வந்த இளவரசி ஒருத்தி உண்டு. அவள் தமிழச்சி என்று நிறுவ நம்மவர் படும் பாடு பெரிது. அம்மா, அப்பா என்ற சொற்கள் அங்கும் உண்டு என்பதை மாணவியர் வருடந்தோறும் எனக்குப் புதிதாகச் சொல்கிறார்கள். எனக்கு இளவரசிகளைவிட மிளகாயின் சான்று வலுவானதாகத் தெரிகிறது. ஒரே செடி, ஒரே நூற்றாண்டில், இரண்டு நாட்டுப் பெண்களின் அம்மிக்கும் உரலுக்கும் போய்ச் சேர்ந்தது.

கொரியாவுக்கு அது ஜப்பான் வழியாக, 1592இல் தொடங்கிய போரை ஒட்டி வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கருத்து. 1614இல் யி சு-குவாங் எழுதிய கலைக்களஞ்சியம் அதை ஜப்பானியக் கடுகு என்று குறித்து, நஞ்சுடையது என்று எச்சரிக்கிறது. அவர்களும் பழைய காரத்தின் பெயரைத்தான் ஒட்டவைத்திருக்கிறார்கள். 1670 வாக்கில் சாங் கியே-ஹியாங் என்னும் பெண் கொரிய எழுத்தில் ஒரு சமையல் நூல் எழுதினார். 'உம்சிக் திமிபாங்' என்று பெயர். அவர் பிறந்தது 1598இல். எழுதும்போது எழுபதைத் தாண்டியவர். கற்ற ஆண்கள் சீன எழுத்தில் எழுதிய காலத்தில் பெண்கள் படிக்கக்கூடிய எழுத்தில் எழுதினார். நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட செய்முறைகள். ஒன்றிலும் மிளகாய் இல்லை. மிளகு உண்டு, இஞ்சி உண்டு. நூலின் முடிவில் மகள்களுக்கு ஒரு குறிப்பு வைக்கிறார்: கண் மங்கிய நிலையில் சிரமப்பட்டு எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், புத்தகத்தைத் தூக்கிப் போய்விடாதீர்கள் என்ற பொருளில். பிறந்த வீட்டுச் சொத்து எதையும் எடுத்துப்போக முடியாத மகள்களுக்குப் பிரதி எடுக்கும் உரிமையை ஒரு தாய் தருகிறாள் என்று நான் அதைப் படித்தேன். கையெழுத்துப் பிரதி பிழைத்துவிட்டது.

கொச்சுஜாங் செய்முறை ஏட்டில் ஏறியது 18ஆம் நூற்றாண்டில். 1766இல் யூ சுங்-ரிம் என்ற மருத்துவர் விரிவாக்கித் தந்த நூலில் அது இருக்கிறது. அதே காலத்து அரசர் யோங்ஜோவுக்கு இந்த விழுதின்மேல் இருந்த பிரியத்தை அரண்மனை நாட்குறிப்புகள் பதிவுசெய்திருக்கின்றன. எழுதிய ஆணும் உண்ட ஆணும் பெயரோடு இருக்கிறார்கள். புளிக்கவைத்த சோயா மாவில் நஞ்சென்று சொல்லப்பட்ட பழத்தைக் கலந்து, ஒட்டரிசியும் உப்பும் சேர்த்து, மண்சாடியில் அடைத்து மாதக்கணக்கில் வெயில் காட்டினால் கெடாது, இனிக்கவும் செய்யும் என்று முதலில் கண்டவளின் பெயர் எங்கும் இல்லை. 2024 டிசம்பரில் கொரியாவின் ஜாங் தயாரிக்கும் அறிவை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகச் சேர்த்துக்கொண்டது. நல்லதுதான்.

மிளகாயை அங்கும் ஆணாக்கினார்கள். குழந்தை பிறந்த வீட்டு வாசலில் வைக்கோல் கயிறு கட்டுவார்கள். ஆண் என்றால் அதில் கரியோடு சிவப்பு மிளகாய், பெண் என்றால் கரியோடு ஊசியிலை மரக்கொப்பு. கொச்சு என்ற சொல்லுக்கு இரட்டைப் பொருள் உண்டு, விளக்க வேண்டியதில்லை. மாமியார் வீட்டு வாழ்க்கையின் காரத்தை மிளகாயோடு ஒப்பிட்டுப் பாடும் பெண்களின் நாட்டுப்பாடலும் அங்கே உண்டு. அரைத்தவளுக்கு எரிச்சல், பிறந்தவனுக்குக் கயிறு.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. மாணவியர் எழுதிவந்த குறிப்பில் மயோனைஸ் இருந்தது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழக அரசு அந்த ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடைசெய்திருந்தது. முட்டை எனக்கும் வேண்டாம். வீட்டுக்காரர் போட்ட நிபந்தனையில் அதுவும் அடக்கம். முந்தின இரவே அரை லிட்டர் பாலின் தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டிருந்தேன். காலையில் அது வெண்ணெய்போல் இறுகியிருந்தது. பத்து முந்திரியை வெந்நீரில் ஊறவைத்து நைசாக அரைத்துச் சேர்த்தோம். விழுது இரண்டு தேக்கரண்டி, தட்டிய பூண்டு இரண்டு பல், கொஞ்சம் தேன், அரை மூடி எலுமிச்சை. கொரியர்கள் விடுவது வறுத்த எள்ளின் எண்ணெய். நம் செக்கு நல்லெண்ணெயில் அந்த மணம் வராது. ஒரு கரண்டி எள்ளைச் சிவக்க வறுத்துப் பொடித்து நல்லெண்ணெயில் குழைத்துவிட்டோம்; ஏறக்குறைய வந்தது. டப்பா கிடைக்காதவர்கள் விதை நீக்கிய காஷ்மீரி மிளகாயை ஊறவைத்து, ஒரு கைப்பிடி குழைந்த சோற்றோடும் வெல்லத்தோடும் அரைத்துச் சேர்க்கலாம். நிறமும் பசையும் கிடைக்கும். சோயா புளித்த ஆழம் கிடைக்காது. குண்டு மிளகாயை வைத்து இதைச் செய்யாதீர்கள். கொரிய மிளகாய் சாது, இராமநாதபுரத்துக் குண்டு அப்படியல்ல. தொட்டுக்கொள்ள வாழைக்காய் பஜ்ஜி போட்டோம்.

பூண்டு வாசனை மாடிப்படி இறங்கியிருக்க வேண்டும். கீழ்வீட்டு மாமி மேலே வந்துவிட்டார். எண்பதைத் தாண்டியவர், படியேறுவதே அரிது. நிலைக்கு வெளியே நின்றபடி, "ஏம்மா, என்ன வாசனை இது?" என்றார். வீட்டைக் காலிசெய்யச் சொல்வார் என்றே நினைத்தேன். முன்பு குடியிருந்த ஒரு வீட்டில் அது நடந்திருக்கிறது. மாணவி ஒருத்தி கிண்ணத்தை நீட்டிக் கதையைச் சொன்னாள். மாமி தொடவில்லை. மடி. கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"தயிரும் மிளகாயும்தானே. எங்காத்துல அத்தை மோர் மிளகாய் போடுவா. வருஷம் பூரா வரும்."

அத்தைக்குப் பத்து வயதில் கல்யாணம், பதினாலில் கணவன் போய்விட்டான். தலையை மழித்து, நார்மடி உடுத்தி, ஒருவேளைச் சோற்றோடு பிறந்த வீட்டிலேயே அறுபது வருடம் இருந்தவள். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் மிளகாய் உலர்த்துவது அவள் வேலை. வெங்காயம், பூண்டு மட்டுமல்ல, காரமே அவளுக்கு விலக்கு, உடம்பைக் கிளப்பிவிடுமாம். மாமி இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். "உப்பு சரியா இருக்கான்னு வாயில போட்டுக்கூடப் பார்க்கமாட்டா. மோந்து பார்த்தே சொல்லிடுவா."

எனக்குச் 'சமைத்துப் பார்' மீனாட்சி அம்மாள் நினைவு வந்தது. இளம் வயதில் கைம்பெண்ணானவர். வீட்டுப் பெண்கள் கேட்டுக் கேட்டுக் கடிதத்தில் எழுதி அனுப்பியதையெல்லாம் 1951இல் புத்தகமாக்கினார். அத்தைக்கு எழுதத் தெரியாது.

"அத்தை பேரு என்ன பாட்டி?" என்று கேட்டாள் சின்னவள்.

மாமி கொஞ்ச நேரம் யோசித்தார். "அத்தைன்னுதான் கூப்பிடுவோம். அப்பா 'அடியே'ம்பார்." மறுபடி யோசித்தார். "ஆத்துல இருந்த யாரும் இப்ப இல்லையேம்மா, யாரைக் கேக்கறது?"

பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. சின்னவள் நோட்டைத் திறந்து, கொச்சுஜாங் குறிப்புக்கு எதிர்ப்பக்கத்தில் 'அத்தை மோர் மிளகாய்' என்று தலைப்பிட்டு, அளவு சொல்லச் சொன்னாள். நிலையைப் பிடித்துக்கொண்டு மாமி சொன்னார்: வீசை மிளகாய்க்கு ஆழாக்கு உப்பு; புளித்த மோர், மிளகாய் மூழ்குகிற மட்டும்; வெந்தயம் வறுத்துப் பொடித்து ஒரு கரண்டி; ராத்திரி மோரில், பகலில் வெயிலில், மோர் வற்றுகிறவரை.