புழுதிப் புயலும் குதிரைகளும்

காற்று எவருக்கும் சொந்தமானதன்று. ஆயின், காற்று வீசும் நிலம் எவருக்குச் சொந்தம், அதனை உழுதோர் எவர், உழைப்பின் பயனைப் பெற்றோர் எவர் என்னும் வினாக்களுக்கு விடை காணாது ஒரு புயலின் வரலாற்றை எழுதிவிட முடியாது. ஐக்கிய அமெரிக்காவின் தென் சமவெளிகளை 1930களில் பாழாக்கிய புழுதிப் புயல்களை இவ்வினாக்களோடு அணுகுவோம். கன்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிக்கோ, ஒக்லஹோமா, ரெக்சாஸ் ஆகிய ஐந்து மாநிலங்கள் அண்மித்து நிற்கும் அந்நிலப்பரப்பில், மனிதரின் கதையைக் குதிரையின் கதையினின்றும் பிரித்தல் இயலாது.

அது மழை குறைந்த நாடு, மரம் அரிது, காற்று ஓயாது வீசும். குட்டையான புல்லே அந்நிலத்தின் காவல். அதன் அடர்ந்த வேர்கள் மண்ணை இறுகப் பற்றியிருந்தன. கொமாஞ்சி, கயோவா, செயேன் முதலிய மக்கள் அப்புல்வெளியிலே குதிரை வளர்த்து, காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்தனர். வறட்சி அன்றும் வந்தது. சூறைக்காற்று அன்றும் அடித்தது. எனினும் புல் நிலைத்தது. புல் நிலைத்ததனால் மண்ணும் நிலைத்தது.

இம்மக்களை அடக்குவதற்கு அவர்தம் குதிரைகளை அழித்தலே வழியென அமெரிக்க இராணுவம் கண்டது. 1874 செப்டெம்பர் 28ஆம் நாள், ரெக்சாஸிலுள்ள பாலோ டூரோப் பள்ளத்தாக்கில் கேணல் மக்கென்சியின் படை அவர்களது முகாம்களைத் தாக்கியது. மக்களிற் பெரும்பாலோர் தப்பினர், குதிரைகள் அகப்பட்டன. அவற்றுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை சுட்டுக் கொல்லப்பட்டன. குதிரையும் கூடாரமும் குளிர்கால உணவும் இழந்த மக்கள், அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் சரணடைய நேர்ந்தது. இவ்வாறே அச்சமவெளி 'வெற்று நிலம்' ஆக்கப்பட்டது.

பின்னர் குடியேறியோரும் பெரும்பாலும் ஏழை விவசாயிகளே. 1862ஆம் ஆண்டின் சட்டம் குடும்பமொன்றுக்கு 160 ஏக்கர் வழங்கியது. வறண்ட பிரதேசத்திற்கு அது போதாதெனக் கண்டு, 1909ஆம் ஆண்டின் சட்டம் 320 ஏக்கர் வழங்கியது. இவர்கள் குதிரை பூட்டி உழுதனர். குதிரைக்குத் தீனி வேண்டுமாதலின், ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு பகுதி புல்லுக்கும் ஓட்ஸ் தானியத்துக்கும் ஒதுக்கப்பட்டது. உழவனின் பேராசைக்குக் குதிரையின் வயிறு ஓர் எல்லை வகுத்திருந்தது எனலாம்.

அவ்வெல்லையை உடைத்தது சந்தை. முதலாம் உலக யுத்த காலத்தில் கோதுமை புசலொன்றுக்கு 2 டொலர் வரை விலைபோயிற்று. யுத்தம் முடிந்து விலை சரிந்தபோது, வங்கிக் கடனை அடைக்கவேண்டிய விவசாயி மேலும் நிலத்தை உழுதான். உழவு இயந்திரம் வந்தது; அது புல் தின்பதில்லை. நகரத்திலிருந்து விதைப்புக்கும் அறுவடைக்கும் மாத்திரம் வந்துபோகும் முதலாளிகளும் தோன்றினர். 1925க்கும் 1930க்கும் இடையில் தென் சமவெளியில் 50 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட புல்நிலம் புதிதாக உழப்பட்டது. நாடு முழுவதிலும் 1920இல் ஏறத்தாழ 2 கோடி 50 இலட்சமாக இருந்த பண்ணைக் குதிரைகள், கோவேறு கழுதைகளின் தொகை, 1935இல் 1 கோடி 70 இலட்சமளவிற் குறைந்துவிட்டது.

1931இல் விளைச்சல் பெருகியது. விலையோ 40 சதத்திலும் கீழிறங்கியது. பயிரிட வழியின்றிப் பலர் நிலத்தை வெறுமையாக விட்டனர். வறட்சியும் தொடர்ந்தது. புல்லுமின்றிப் பயிருமின்றிக் கிடந்த மண்ணைக் காற்று அள்ளியது. 1934 மே மாதத்தில் அப்புழுதி நியூயோர்க் நகரை மூடி, அத்திலாந்திக் கடலிற் சென்ற கப்பல்களின் மேற்றளத்திலும் படிந்தது. 1935 ஏப்ரில் 14, ஞாயிற்றுக்கிழமை, காலையில் வானம் தெளிந்திருந்தது. பிற்பகலில் வடக்கிலிருந்து கரிய மதிலென எழுந்த புழுதி பகலை இரவாக்கியது. 'கறுப்பு ஞாயிறு' என்று அந்நாள் இன்றும் நினைவுகூரப்படுகின்றது.

எளிய மக்கள் இதனை எவ்வாறு எதிர்கொண்டனர்? யன்னல்களில் ஈரத்துணி தொங்கவிட்டனர். முகத்திலும் ஈரத்துணி கட்டினர். எரிபொருளுக்குப் பணமின்றி உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மீண்டும் குதிரையைப் பூட்டியோரும் இருந்தனர். ஆயின் குதிரைக்குத் தீனி எங்கே? வேலிகளில் வந்து குவிந்த முட்செடியை வெட்டி, உப்பிட்டுத் தீனியாக்கினர். யுக்கா என்னும் காட்டுச் செடியின் கிழங்கை அரைத்துக் கொடுத்தனர். அம்முட்செடியின்மீது புழுதி படிந்து வேலியே புதையுண்டபோது, கால்நடைகள் அதன் மேலால் நடந்து போயின. பல கண்ணிழந்தன, பல மூச்சுத் திணறி மாண்டன. இறந்தவற்றை அறுத்துப் பார்த்தபோது வயிற்றினுள் மண் நிறைந்திருந்தது. மனிதரையும் 'புழுதி நிமோனியா' பலிகொண்டது. குழந்தைகளும் முதியோருமே முதலில் வீழ்ந்தனர்.

அரசாங்கம் தலையிட்டது உண்மையே. 1935 ஏப்ரில் 27ஆம் நாள் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சரிவுக்குக் குறுக்கே உழுதல், நிலத்தை மீண்டும் புல்லால் மூடுதல் என்பன கற்பிக்கப்பட்டன. 1942 வரையில் ஏறத்தாழ 22 கோடி மரங்கள் காற்றுத் தடுப்பு வரிசைகளாக நடப்பட்டன. இவற்றின் பயனை நாம் மறுப்பதற்கில்லை. எனினும், 1933ஆம் ஆண்டின் விவசாயச் சட்டப்படி பயிர்ச்செய்கையைக் குறைப்பதற்காக வழங்கப்பட்ட பணம் பெரிதும் நிலவுடைமையாளர் கைக்கே சென்றது. அப்பணத்தைக் கொண்டே உழவு இயந்திரம் வாங்கிக் குத்தகைக்காரரை வெளியேற்றியோர் பலர். 1940 அளவில் சமவெளி மாநிலங்களை விட்டு ஏறத்தாழ 25 இலட்சம் பேர் வெளியேறியிருந்தனர். கலிபோர்னியாவின் பழத்தோட்டங்களிலே அவர்களுள் ஒரு பகுதியினர் மலிவுக் கூலிகளாயினர்.

இவ்வரலாற்றிலே குதிரை இருமுறை அழிவதைக் காண்கின்றோம். முதன்முறை, ஒரு மக்களின் நிலத்தைப் பறிப்பதற்காக அது சுடப்பட்டது. மறுமுறை, அவ்வாறு பறித்த நிலத்தைச் சந்தைக்காகச் சுரண்டியதன் விளைவாக அது புழுதி தின்று மாண்டது. இரு அழிவுகளுக்கும் இடையே அறுபது ஆண்டுகளே கழிந்தன.

வகுப்பறையிலே புழுதிப் புயலைப் புவியியற் பாடமாக, 'இயற்கை அனர்த்தம்' என்ற தலைப்பின்கீழ்ப் படிப்பிக்கும் ஆசிரியர்கள், வறட்சியையும் காற்றின் வேகத்தையும் கூறுதல் அவசியமே. அத்தோடு கடன் பத்திரத்தையும், கோதுமை விலையையும், பாலோ டூரோப் பள்ளத்தாக்கையும் சேர்த்துக் கூறுவார்களாயின், ஏன் அந்த மண் பறந்தது என்று வினவும் மாணவனுக்கு முழு விடை கிடைக்கும்.