மலை லோரிகளும் பட்டறைக்காரர்களும்



வரலாறு என்றால் நம் மாணவர்களுக்கு மன்னர்களும் போர்களும் ஒப்பந்தங்களுந்தாம் நினைவுக்கு வருகின்றன. அது அவர்கள் குற்றமன்று. பாடநூல் அப்படி அமைந்திருக்கிறது. நீலாயில் நம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள், "எங்க தாத்தா தோட்டத்துப் பட்டறையில லோரிக்கு ஏதோ தட்டு செஞ்சாராம். அதெல்லாம் வரலாறா சார்?" என்று கேட்டான். நமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அந்தத் தட்டைத் தேடிப் போனதன் பயனே இன்றைய உரை.

முதலில் தட்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். சாதாரண லோரியில் என்ஜினின் விசை கியர்ப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து ஒரு நீண்ட தண்டின் வழியாகப் பின்சக்கரங்களுக்குப் போகிறது. மழை பெய்த செம்மண் பாதையில் பின்சக்கரம் சேற்றில் வெறுமனே சுழல, முன்சக்கரம் சும்மா நிற்கும். முன்சக்கரமும் இழுக்க வேண்டுமானால் விசையை இரண்டாகப் பிரித்துத் தர வேண்டும். அதற்காகக் கியர்ப் பெட்டிக்குப் பின்னால் வைக்கப்படுவதுதான் டிரான்ஸ்பர் பெட்டி. ஓட்டுநரின் அருகில் கூடுதலாக நிற்கும் சிறு கம்பிகள் இதற்குரியவை. பல வண்டிகளில் இதற்குள்ளேயே மெதுவாக, ஆனால் மிகுந்த பலத்தோடு இழுக்கும் கியர் ஒன்றும் உண்டு.

இந்த எண்ணம் பழையது. ஹாலந்து நாட்டின் ஸ்பைக்கர் நிறுவனம் 1903-இல் நான்கு சக்கரமும் இழுக்கும் கார் ஒன்றைச் செய்து காட்டியது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக் கிளின்டன்வில் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த ஓட்டோ சாக்கோ, வில்லியம் பெசர்டிக் என்னும் இருவர் 1908-இல் தங்கள் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றனர். அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் லோரிகள் முதல் உலக யுத்தத்தில் ஆயிரக்கணக்கில் ஓடின. 1931-இல் தோன்றிய மார்மன் ஹெரிங்டன் நிறுவனம் வேறொரு வழியில் போயிற்று. போர்டு கம்பெனியின் சாதாரண லோரிகளை வாங்கி, அவற்றில் முன் அச்சையும் டிரான்ஸ்பர் பெட்டியையும் பொருத்தி விற்றது. பிறகு மினியாபொலிஸ் நகரத்து நாப்கோ நிறுவனம் செவர்லே லோரிகளுக்கு அதையே செய்தது. செவர்லே தன் தொழிற்சாலையிலேயே அத்தகைய சிறு லோரியை விற்கத் தொடங்கியது 1957-இல்தான். அதிலும் நாப்கோவின் அமைப்பையே வைத்தது. பெரிய தொழிற்சாலை செய்யாத வேலையைப் பட்டறை முதலில் செய்து காட்டியது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்காவின் ஜி.எம்.சி. ஆறு சக்கர இழுவை லோரி 5 இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டது. கனடா எல்லா வகை இராணுவ வண்டிகளுமாக 8 இலட்சத்துக்கும் மேல் செய்தது. யுத்தம் 1945-இல் முடிந்தது, வண்டிகள் முடியவில்லை. இராணுவத்துக்கு வேண்டாதவையாகிப்போன லோரிகள் மலாயாவில் காட்டு மரம் இழுக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தன. கூரையை அறுத்தெறிந்து, பின்னால் கம்பிவடம் சுற்றும் உருளையைப் பொருத்தி, மலைச் சரிவில் பெருமரங்களை இழுத்து வந்தார்கள். சீனத் தொழிலாளர்கள் இதற்குச் 'சான் தை வாங்' என்று பெயரிட்டனர். மலையின் அரசன் என்று பொருள். மலாய்க்காரர்கள் 'லோரி ஹந்து' என்றனர். அதாவது பேய் லோரி. அதன் உறுமலைக் கேட்டவர்களுக்கு இரண்டு பெயரும் பொருத்தமே.

அந்த ஜி.எம்.சி.யின் என்ஜின் பெட்ரோல் குடிப்பது. யுத்தகாலத்தில் அதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. மர முதலாளி பார்த்தார். தேய்ந்த என்ஜின்களைக் கழற்றி டீசல் என்ஜின்களை ஏற்றினார்கள். புது என்ஜினோடு புதுக் கியர்ப் பெட்டியும் வந்தது. டிரான்ஸ்பர் பெட்டி மட்டும் பழையது. ஒன்றின் துளை மற்றொன்றின் துளைக்குப் பொருந்தாது. ஒன்றின் தண்டு மற்றொன்றுக்குள் நுழையாது. நம் மாணவனின் தாத்தா செய்த தட்டுக்கு இங்கேதான் வேலை.

இதில் இரண்டு வகை உண்டு. ஜி.எம்.சி. போன்ற லோரிகளில் டிரான்ஸ்பர் பெட்டி தனியாகச் சட்டத்தில் தொங்கும். கியர்ப் பெட்டிக்கும் அதற்கும் இடையே ஒரு குட்டைத் தண்டு ஓடும். அந்தத் தண்டை அறுத்து நீளம் மாற்றி, இரு முனையிலும் உரிய வட்டத் தட்டுகளை வைத்துப் பற்றவைத்தால் போதும். தண்டின் முனைகளிலுள்ள மூட்டுகள் சிறு கோணலைப் பொறுத்துக்கொள்ளும். யுத்தகாலத்து ஜீப்பில் அப்படியில்லை. அதன் டிரான்ஸ்பர் பெட்டி கியர்ப் பெட்டியின் முதுகிலேயே ஒட்டியிருக்கும். நடுவே வைக்கும் இணைப்புத் தட்டு மயிரிழை விலகினாலும் தண்டு கோணலாகச் சுழன்று, பேரிங்கைத் தின்று, கடைசியில் தானும் உடையும். 1948-இல் வெளிவந்த லேண்ட் ரோவரில் இரண்டு பெட்டியும் ஒரே கட்டு என்பதால், ஜப்பானிய என்ஜின் ஏற்றுவோர் தட்டை முன்னால், என்ஜினுக்கும் கிளச்சுக் கூட்டுக்கும் நடுவே வைக்க வேண்டியதாயிற்று. கேமரன் மலையில் காய்கறி சுமக்கும் பழைய லேண்ட் ரோவர்களின் மூடியைத் திறந்து பார்த்தால் இது விளங்கும்.

மாணவனின் தாத்தாவை நாம் அவர் வீட்டிலேயே சந்தித்தோம். தட்டு எப்படிச் செய்வீர்கள், ஐயா, என்று கேட்டதும் அவர் தொழிற்கல்வி நூலொன்றும் எடுக்கவில்லை. பழைய அட்டைப் பெட்டியைக் கிழித்தார். பெட்டியின் வாயில் கிரீஸ் தடவி அட்டையை அழுத்தினால் துளைகள் அச்சாகப் பதியுமாம். அதை இரும்புத் தகட்டில் வைத்துக் குறியிட வேண்டும். ஆனால் துளைகளை நம்பி நடுவைக் கண்டுபிடிப்பவன் ஏமாறுவான் என்றார் அவர். நடுவட்டத்தை முதலில் கடைசல் இயந்திரத்தில் கடைந்து, அந்த வட்டமே பெட்டியின் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். துளைகள் பிடித்துக்கொள்ள மட்டுமே. நேராக நிறுத்துவது வட்டம். நாம் வகுப்பில் வட்டத்தின் மையத்தைப் பற்றி எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். அதன் பயனை இவ்வளவு சுருக்கமாக ஒருமுறையும் சொன்னதில்லை.

தண்டு அதைவிடக் கடினம். தண்டின் மேல் நீளவாக்கில் வெட்டிய பற்கள் வண்டிக்கு வண்டி எண்ணிக்கையில் வேறுபடும். பல் வெட்டும் இயந்திரம் தோட்டத்துப் பட்டறையில் ஏது? பழைய இரும்புக் கடையில் பொருத்தமான பற்களுள்ள துண்டுகள் இரண்டைத் தேடி, அறுத்து, ஒன்றாகப் பற்றவைப்பார்களாம். பற்றவைத்த சூட்டில் இரும்பு வளையும். ஆகவே ஆறிய பிறகு மறுபடி கடைய வேண்டும். அவசரக்கார முதலாளி ஒருவருக்காக அந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டதில், மரத்தோடு ஏறிக்கொண்டிருந்த வண்டியின் தண்டு மேட்டில் முறிந்தது. "ஆளு தப்பிச்சது சாமி புண்ணியம்," என்றார் பெரியவர். அதன்பின் கடையாமல் எதையும் கொடுத்ததில்லையாம். தட்டின் கனத்துக்கு ஏற்பப் பெட்டி பின்னால் நகர்வதால் பின்தண்டைக் குறைத்து முன்தண்டை நீட்டவும் வேண்டும். இதைப் புதியவர்கள் மறந்துவிடுவார்கள் என்று சிரித்தார்.

அவருக்குச் சான்றிதழ் கிடையாது. தோட்டச் சம்பளப் பட்டியலில் பிட்டர் என்று ஒரு சொல் இருந்திருக்கும், அவ்வளவுதான். 1990-களில் நீலாயைச் சுற்றியிருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் பல வீடமைப்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் போயின. பட்டறைகள் இடிபட்டன. கடைசல் இயந்திரங்கள் எடைக்குப் போயின என்று அவர் சொன்னபோது குரலில் சற்றுக் கோபம் இருந்தது. அது நியாயமென்றே நாம் கருதுகிறோம். தோட்டத்து மக்களுக்குப் பால்வெட்டு ஒன்றே தெரியும் என்று நம் பிள்ளைகளே சொல்லும் நிலை வந்ததற்கு, எழுதி வைக்காத நாமும் காரணம்.

விடைபெறும்போது பெரியவர் பரண்மேலிருந்து ஒரு தட்டை இறக்கிக் கொடுத்தார். ஒருபுறம் ஆறு துளை, மறுபுறம் ஐந்து. ஓரத்தில் ஆணியால் கீறிய அளவுகள். மாணவர்கள் அதை வெள்ளைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, ஒவ்வொரு துளையையும் அளந்து எழுதினார்கள். வரைபடத்தின் கீழே யார் பெயரை எழுதுவது என்று கேட்டார்கள். தாத்தாவின் பெயரை அந்த மாணவனே எழுதினான்.